இரண்டு தரம் உயிர் தந்த பின்னணி இசை

சித்திரைப் புத்தாண்டு விழா என்றால் எங்கட சங்க மண்டபத்தில் மேடையைவிடக் குசினிப் பக்கம்தான் கலகலப்பு அதிகம். போன வருடமும் அப்படித்தான். ஒரு பக்கம் வடை பொரிந்துகொண்டிருக்க, மறுபக்கம் நாலைந்து இளம் பிள்ளைகள் கைத்தொலைபேசியைச் சுற்றி நின்று, படங்களின் பின்னணி இசையைப் போட்டுப் போட்டுக் கேட்டு, பெரிய வாக்குவாதம் நடத்திக்கொண்டு நின்றார்கள். பாட்டைப் பற்றி அல்ல. பாட்டு இல்லாத இடத்தில் வருகிற இசையைப் பற்றி. ஒருவனுக்கு இளையராஜாதான் முடிந்த முடிவு. மற்றவனுக்கு ரஹ்மான். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, 'ஸ்டார் வோர்ஸ்' படத்துக்கு இசை எழுதிய ஜோன் வில்லியம்சுக்குக் கிட்டவும் ஒருவர் வரமாட்டார் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல சங்கீத ஞானம் உள்ளவர். சினிமாக்காரன் கூலிக்கு அடிக்கிற மேளத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி என்னத்துக்கு, அந்த நேரத்துக்கு ஒரு கீர்த்தனையைப் பாடமாக்கலாமே என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் மரியாதைக்காக வாய் திறக்கவில்லை. கைத்தொலைபேசி சட்டைப் பைக்குள் போனது. அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போனது.

அந்த நேரம் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது ஒரு சாட்டு. உண்மையில் சொல்லவேண்டிய கதை நீளமானது. கூலிக்கு எழுதிய சினிமா இசை ஒரு மனிதனை இரண்டு தரம் காப்பாற்றிய கதை. ஒரு தரம் அவருடைய உயிரை, இன்னொரு தரம் அவருடைய பெயரை. அந்த மனிதர் எங்களைப் போலவே ஓர் அகதி. அன்று சொல்லாமல் விட்டதை இந்த மலரில் எழுதுகிறேன்.

வியன்னாவின் அதிசயப் பிள்ளை

எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட் 1897ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி பிறந்தார். பிறந்த ஊர் புறூண். அன்றைக்கு அது ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது. இன்றைக்கு செக் குடியரசில் பிறுனோ என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பம். தகப்பன் யூலியுஸ் கோர்ன்கோல்ட் வியன்னாவின் பெரிய பத்திரிகை ஒன்றின் இசை விமர்சகர். அவருடைய பேனாவுக்குப் பயப்படாத வித்துவான் அந்த நகரத்தில் இல்லை என்று சொல்லலாம். மகனுக்கு வொல்ஃப்காங் என்ற பெயரைச் சேர்த்ததே மோஸார்ட்டை மனதில் வைத்துத்தான்.

பெயர் வைத்த நேரம் நல்ல நேரம் போலும். பொடியன் ஐந்தாறு வயதிலேயே பியானோவில் சொந்தமாக இசை கட்டத் தொடங்கிவிட்டான். ஒன்பது வயதில், 1906இல், தான் எழுதிய ஓர் உருப்படியைக் குஸ்தாவ் மாலருக்கு வாசித்துக் காட்டினான். மாலர் அப்போது வியன்னா அரச ஒபராவின் தலைவர். உலகம் போற்றிய மேதை. கேட்டுக்கொண்டிருந்த அவர், இந்தப் பிள்ளை ஒரு மேதை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, இசைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக் கெடுக்கவேண்டாம், செம்லின்ஸ்கி என்ற ஆசிரியரிடம் தனியாக விடுங்கள் என்று புத்தி சொன்னார்.

பதினொரு வயதில் எழுதிய 'பனி மனிதன்' என்ற நாட்டிய நாடகம், 1910 ஒக்ரோபர் 4ஆம் திகதி வியன்னா அரச ஒபராவிலேயே மேடையேறியது. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. எங்கட பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டுகிற வயது! தகப்பன்தான் எழுதிக் கொடுக்கிறார் என்று ஊர் கதைத்தது. அப்படி எழுதத் தெரிந்த மனிதன் ஏன் விமர்சகராக இருக்கப்போகிறார் என்று மறு கதையும் வந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் போன்ற பெரிய இசையமைப்பாளரே இந்தச் சிறுவனின் திறமையைப் பார்த்துப் பயமும் வியப்பும் அடைந்தார்.

அவருடைய வாழ்க்கையின் பெரிய வெற்றி 1920 டிசெம்பர் 4ஆம் திகதி வந்தது. 'இறந்த நகரம்' என்ற ஒபரா. ஒபரா என்றால் வேறொன்றும் இல்லை, எங்கட கூத்துப் போல, கதை முழுவதும் பாட்டாலேயே நடக்கிற நாடகம். நாங்கள் வாழுகிற இந்த ஜேர்மனியில்தான், ஒரே இரவில் ஹம்பேர்க்கிலும் கெல்னிலுமாக இரண்டு நகரங்களில் அது முதன்முதல் மேடையேறியது. கெல்னில் இசைக்குழுவை நடத்தியவர் ஒட்டோ கிளெம்பெரர். எழுதியவருக்கு வயது இருபத்து மூன்று.

அதன் கதையையும் சொல்லத்தான் வேண்டும். புறூஜ் என்ற பழைய நகரத்தில் ஒரு மனிதன் செத்துப்போன தன் மனைவியின் நினைவோடு வாழ்கிறான். வீட்டில் ஓர் அறையையே அவளுக்குக் கோயிலாக வைத்திருக்கிறான். அவளுடைய கூந்தல்கூட அங்கே இருக்கிறது. அவளைப் போலவே ஒருத்தி எதிர்ப்படுகிறாள். மனம் கலங்கி, ஒரு பயங்கரக் கனவு கண்டு விழித்த பிறகு, இறந்தவர்களின் நகரத்தை விட்டு வெளியேற முடியுமா என்று முதன்முறையாக யோசிக்கிறான். முதலாம் உலகப் போரில் வீட்டுக்கு வீடு ஒரு சாவைக் கண்ட சனம் இந்த நாடகத்தைத் தங்கட சொந்தக் கதையாகவே பார்த்தது. பல நாட்டு மேடைகளில் அது ஓடியது. எழுதியவரே ஒரு நாள் தன் நகரத்தை விட்டு வெளியேறவேண்டி வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

அந்தப் போரில் வலது கையை இழந்த போல் விட்கென்ஸ்ரைன் என்ற பியானோக் கலைஞருக்காக, இடது கையால் மட்டும் வாசிக்கக்கூடிய ஒரு பெரிய உருப்படியை 1923இல் கோர்ன்கோல்ட் எழுதிக் கொடுத்தார். போரால் அங்கம் இழந்தவர்களை அறிந்த எங்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். அடுத்த வருடம், 1924இல், லூசி என்ற பாடகியும் நடிகையுமான பெண்ணைத் திருமணம் செய்தார். தகப்பனுக்கு விருப்பமில்லாத கலியாணம். ஆனாலும் நடந்தது, நிலைத்தது. இரண்டு ஆண் பிள்ளைகள்.

ஓரடிப் படச்சுருளின் கணக்கு

1933இல் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர்களின் இசைக்கு மேடை மறுக்கப்பட்டது. கோர்ன்கோல்டுக்கு வாய்ப்புத் தந்துகொண்டிருந்த ஜேர்மன் மேடைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. பேர்லினில் நாடக உலகின் அரசனாக இருந்த மக்ஸ் ரைன்ஹார்ட்டும் யூதர்தான். அவரும் வெளியேறினார். ஹொலிவூட்டில் வோர்னர் பிறதர்ஸ் நிறுவனத்துக்காக ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தைப் படமாக்கும் வேலை ரைன்ஹார்ட்டுக்குக் கிடைத்தது. அதற்கு மெண்டல்சோனின் இசையைப் படத்துக்கு ஏற்றபடி அமைத்துத் தர 1934இன் கடைசியில் கோர்ன்கோல்டை அவர் கூப்பிட்டார்.

அங்கே போன புதிதில் நடந்த ஒரு சம்பவத்தைப் பின்னாளில் எல்லோரும் சொல்லுவார்கள். படச்சுருள் ஓரடி ஓடி முடிய எவ்வளவு நேரம் என்று அவர் தொழில்நுட்பக்காரரிடம் கேட்டார். செக்கனில் மூன்றில் இரண்டு பங்கு என்றார்கள். மெண்டல்சோனின் ஓர் உருப்படியின் முதல் இரண்டு தாளக்கட்டும் அதே அளவுதான் என்று அந்த இடத்திலேயே சொன்னாராம். கடிகாரத்தைப் பார்க்காமல் காதாலேயே நேரம் அளக்கிற மனிதர்!

அந்தக் காலத்தில் பின்னணி இசை எழுதுகிறவர்கள் செக்கன் கணக்கு எழுதிய தாளை வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இவர் அப்படி இல்லை. இரவில் ஸ்ரூடியோவின் திரையிடும் அறைக்குப் போவார். அங்கே ஒரு பியானோ. படத்தைத் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டே வாசித்து வாசித்து இசையைக் கண்டுபிடிப்பார். அவருக்கு ஒரு படம் என்பது பாடகர் இல்லாத ஒபரா. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மெட்டு. அந்தப் பாத்திரம் சந்தோசப்பட்டால் மெட்டும் துள்ளும், துக்கப்பட்டால் மெட்டும் கண்கலங்கும். எங்கட பெடியள் இன்றைக்கு ஒரு படத்தின் 'தீம்' என்று சொல்லிச் சண்டை பிடிக்கிறார்களே, அந்த முறையை ஹொலிவூட்டில் ஊன்றிவைத்தவர்களில் இவரும் ஒருவர்.

1935இல் 'கப்டன் பிளட்' என்ற கடற்கொள்ளையர் படம். கதாநாயகன் எரல் ஃபிளின். இசைக்குக் கொடுத்த காலம் மூன்று கிழமை. நேரம் போதாமல் ஓரிடத்தில் லிஸ்ட் என்ற பழைய மேதையின் இசையைச் சேர்க்கவேண்டி வந்தது. அதற்காகவே, இசையமைப்பு என்று தன் பெயரைப் போடவேண்டாம், இசை ஒழுங்கு என்று மட்டும் போடுங்கள் என்று அவர் நின்றுகொண்டார். அவ்வளவு நேர்மை. அடுத்த வருடம் 'அன்ரனி அட்வேர்ஸ்' படத்தின் இசைக்கு ஒஸ்கார் கிடைத்தது. அந்தக் காலத்து விதிப்படி சிலையை வாங்கியவர் எழுதியவர் அல்ல, ஸ்ரூடியோவின் இசைப் பகுதித் தலைவர்! உழைப்பவர் ஒருவர், மேடை ஏறுபவர் இன்னொருவர். எந்த ஊரிலும் நடக்கிற கதைதான்.

1938 தை மாதத் தந்தி

இத்தனைக்கும் அவர் அமெரிக்காவில் குடியேறிவிடவில்லை. வேலை முடிய வியன்னாவுக்குத் திரும்பிவிடுவார். 1937இல் 'கத்ரீன்' என்ற புதிய ஒபராவை எழுதி முடித்து, அதை வியன்னாவில் மேடையேற்றும் அலுவலில் இருந்தார். ஒஸ்திரியாவுக்கு ஒன்றும் நடக்காது என்றுதான் அவரைப் போன்ற எத்தனையோ பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அந்த நம்பிக்கை புதிதல்ல. பிரச்சினை அடங்கிவிடும், இரண்டு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தானே நாங்கள்.

1938 ஜனவரியில் ஒரு தந்தி வந்தது. 'றொபின் ஹூட்' படத்துக்கு இசை வேண்டும், பத்து நாட்களுக்குள் ஹொலிவூட்டுக்கு வரமுடியுமா என்று வோர்னர் நிறுவனம் கேட்டிருந்தது. மனைவியையும் இளைய மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். மூத்த மகனும் தாய் தகப்பனும் வியன்னாவில் நின்றுவிட்டார்கள்.

அங்கே போய்ப் படத்தைப் பார்த்தவர் மிரண்டுபோனார். படம் முழுக்க வாள் சண்டை, வில் அம்பு, குதிரை ஓட்டம். தனக்கு மனித மனதின் இசைதான் வரும், இந்த ஆரவாரம் ஒத்துவராது என்று மறுப்புக் கடிதம் எழுதிவிட்டார். திரும்பிப் போவதாகத்தான் எண்ணம்.

ஆனால் 1938 பெப்ரவரி 12ஆம் திகதி ஒஸ்திரிய அரசுத் தலைவர் ஷுஷ்னிக்கை ஹிட்லர் தன் மலைமாளிகைக்கு அழைத்து மிரட்டினான். செய்தி அமெரிக்காவுக்கு எட்டியது. அதே நாளில் ஸ்ரூடியோவின் இசைப் பகுதித் தலைவர் லியோ ஃபோர்ப்ஸ்ரைன் வீட்டுக்கே வந்து, எப்படியாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். சரி, கிழமைக்குக் கிழமை சம்பளம், முடியாமல் போனால் விட்டுவிடுவேன் என்ற நிபந்தனையோடு கோர்ன்கோல்ட் சம்மதித்தார்.

ஒரு மாதம்தான். மார்ச் 12ஆம் திகதி ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தது. 'கத்ரீன்' அப்போது வியன்னாவில் மேடையேறவில்லை. வியன்னா வீடும் சொத்தும் பறிபோயின. பெற்றோரும் மூத்த மகனும் கடைசி நேரத்தில் ரயிலேறித் தப்பி வந்து சேர்ந்தார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளை, அவருடைய பதிப்பகத்து ஆட்கள் அந்த வீட்டுக்குள் போய் மீட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பெப்ரவரியில் அவர் மறுப்பில் உறுதியாக நின்று திரும்பிப் போயிருந்தால்? அந்தக் கேள்வியை அவரே தன்னிடம் கேட்டிருக்கிறார். 'றொபின் ஹூட்' தன் உயிரைக் காப்பாற்றியது என்று பிறகு எப்போதும் சொல்லிக்கொள்வார். அது அலங்காரப் பேச்சு அல்ல, நடந்த உண்மை. கூலிக்கு எழுதிய இசை முதல் தரம் காப்பாற்றியது இப்படித்தான். அந்த இசைக்கு ஒஸ்கார் கிடைத்தது. இந்தத் தரம் விதி மாறியிருந்தது. சிலை எழுதியவரின் கைக்கே வந்தது.

கப்பல் திரும்பியது, எழுதியவர் திரும்பவில்லை

ஹிட்லர் வீழும்வரை மேடைக்கும் கச்சேரிக்கும் எழுதுவதில்லை என்று கோர்ன்கோல்ட் தீர்மானித்தார். பிழைப்புக்குப் படம். அந்தச் சம்பளத்தில்தான் பெரிய குடும்பம் சாப்பிட்டது. வயதான தகப்பனுக்கு இது தாங்கமுடியாத துக்கம். மாலர் மெச்சிய மகன் சினிமாவுக்கு வாசிப்பதா என்று கடைசிவரை மனம் ஆறாமலே 1945இல் அவர் கண்ணை மூடினார். ஊரில் வாத்தியாராகவும் இலிகிதராகவும் இருந்துவிட்டு இங்கே வந்து கோப்பை கழுவியவர்களுக்கு, ஊரிலிருந்து பெற்றோர் எழுதிய கடிதங்கள் ஞாபகம் வரும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இது சினிமாதானே என்று அவர் ஒரு வரியைக்கூடக் குறைத்து எழுதவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு படங்கள்தான் ஒப்புக்கொண்டார். எழுதிய இசையைப் பிறகு தன் சொந்தப் படைப்புகளில் பயன்படுத்தும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் அந்தரப்பட்டுக் கையெழுத்துப் போட்ட காலத்தில் இது பெரிய காரியம்.

1940இல் வந்த 'கடற் பருந்து' படத்தில் ஓர் இடம் உண்டு. எதிரிக் கப்பலில் சங்கிலியில் கட்டுண்டு துடுப்பு வலித்த அடிமைகள், விலங்கை உடைத்துக் கப்பலைக் கைப்பற்றி, தங்கட நாட்டை நோக்கித் திருப்புகிறார்கள். அத்தனை குரலும் ஒன்றாய்ச் சேர்ந்து பாடத் தொடங்கும்போது, வாத்தியங்கள் எல்லாம் பாய் விரித்தது போல எழும்பும். படத்தில் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். எழுதிய மனிதருக்கு அந்த வருடம் போக வீடு இல்லை. எனக்கு அந்த இடம் வந்தால் இன்றைக்கும் கையிலிருக்கிற வேலை நின்றுவிடும்.

1942இல் வந்த 'கிங்ஸ் றோ' படத்தின் தொடக்க இசையைக் கேட்டுவிட்டு, இது என்ன இசை, எங்கே வாங்கலாம் என்று சனங்கள் ஸ்ரூடியோவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் அனுப்ப ஒரே மாதிரிப் பதில் தயாரிக்கவேண்டிய அளவுக்குக் கடிதங்கள். அந்தக் காலத்தில் படத்தின் பின்னணி இசையை இசைத்தட்டாக விற்கிற வழக்கம் அனேகமாக இல்லை. படம் தியேட்டரை விட்டுப் போனால் இசையும் போச்சுது. ஆனாலும் பின்னணி இசையைக் கேட்டு அபிப்பிராயம் சொல்லுகிற ரசிகன் அன்றைக்கே பிறந்துவிட்டான்.

ஒரு பகிடியும் உண்டு. 'கிங் கொங்' படத்துக்கு இசையமைத்த மக்ஸ் ஸ்ரைனரும் வியன்னாக்காரர்தான், அதே ஸ்ரூடியோவில் வேலை. இருவரும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து உம்முடைய இசை மோசமாகிக்கொண்டு போகிறது, என்னுடையது நன்றாகிக்கொண்டு வருகிறது, என்ன காரணம் என்று ஸ்ரைனர் கேட்டாராம். நீர் என்னிடம் களவெடுக்கிறீர், நான் உம்மிடம் களவெடுக்கிறேன், அதுதான் காரணம் என்று கோர்ன்கோல்ட் பதில் சொன்னாராம்.

1943இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஏறத்தாழப் பதினாறு படங்களுக்கு இசை எழுதியிருப்பார். போர் முடிந்தவுடன் சினிமாவை விட்டு விலகத் தொடங்கினார்.

வீடு திரும்பியவர்

மீண்டும் கச்சேரி மேடைக்கு வர அவர் கையிலெடுத்தது ஒரு வயலின் உருப்படி. அதற்குள் தன் படங்களின் மெட்டுகளையே வைத்தார். 'அன்ரனி அட்வேர்ஸ்' படத்து மெட்டும் அதற்குள் இருக்கிறது. சினிமாவுக்கு எழுதியதற்காக வெட்கப்படவில்லை என்று உலகத்துக்குச் சொன்னது போல. அதை மாலரின் விதவை மனைவி அல்மாவுக்குச் சமர்ப்பித்தார். 1947 பெப்ரவரி 15ஆம் திகதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்தில் யாஷா ஹைஃபெற்ஸ் அதை வாசித்தார். சனம் கைதட்டி ஆரவாரம் செய்தது. ஆனால் நியூயோர்க் விமர்சகர் ஒருவர், கோர்ன் என்றால் சோளம், கோல்ட் என்றால் தங்கம் என்று அவருடைய பெயரையே உடைத்து, தங்கத்தைவிடச் சோளம்தான் கூட என்று கேலி செய்தார். அதே வருடம் கோர்ன்கோல்டுக்கு மாரடைப்பு வந்தது.

1949இல், பதினொரு வருடத்துக்குப் பிறகு, வியன்னாவுக்குத் திரும்பினார். எத்தனை இரவு அந்தத் தெருக்களை நினைத்திருப்பார்! போய் இறங்கினால், சொந்த வீட்டைத் திரும்பப் பெறுவதே பெரும்பாடு. தெரிந்த முகங்கள் பல இல்லை. இருந்தவர்கள் இந்த வருடங்களில் தாங்கள் என்ன செய்தார்கள் என்று கதைக்க விரும்பவில்லை. இசை உலகமும் மாறிவிட்டது. இனிமையாக மெட்டு எழுதுகிறவன் பழைய காலத்து மனிதன். அதிலும் சினிமாவுக்கு எழுதியவன் என்றால் கேட்கவே வேண்டாம். 1950இல் 'கத்ரீன்' ஒருவாறு வியன்னாவில் மேடையேறி, சில நாட்களிலேயே இறங்கியது. 1954இல் அவருடைய பெரிய சிம்பொனியை வியன்னா வானொலிக்காக வாசித்தார்கள். ஒத்திகை போதாமல் அதையும் கெடுத்தார்கள். தனக்கு வாழ்வு தந்த நாட்டின் தலைவர் ரூஸ்வெல்ட்டின் நினைவுக்கு அவர் அர்ப்பணித்த படைப்பு அது.

ஹொலிவூட்டுக்குப் போனால் ஐரோப்பியன். ஐரோப்பாவுக்கு வந்தால் ஹொலிவூட்காரன். இரண்டு பக்கத்துக்கும் அந்நியன். இந்த ஒரு வசனத்தை விளக்க எங்கட வாசகர்களுக்கு நான் ஒன்றும் எழுதத் தேவையில்லை.

1957 நவம்பர் 29ஆம் திகதி, அறுபதாவது வயதில், ஹொலிவூட்டில் அவர் காலமானார். தன்னை உலகம் மறந்துவிட்டது என்ற நினைப்போடுதான் போனார்.

ரசிகர்கள் செய்த வேலை

இங்கேதான் இரண்டாவது தரம் உயிர் கொடுத்த கதை வருகிறது. கொடுத்தது எந்தச் சங்கீத சபையும் அல்ல, எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல.

அவருடைய படங்கள் ரெலிவிஷனில் நள்ளிரவுப் படங்களாக ஓடின. அவற்றைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, கதையை மறந்தாலும் இசையை மறக்கவில்லை. ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். எது சிறந்தது, 'றொபின் ஹூட்'டா, 'கடற் பருந்'தா, 'கிங்ஸ் றோ'வா என்று மணிக்கணக்கில் வாதாடினார்கள். எங்கட குசினிப் பெடியள் செய்த அதே வேலை!

1972இல் அவருடைய இளைய மகன் ஜோர்ஜ் கோர்ன்கோல்ட் தயாரிக்க, சார்ள்ஸ் கேர்ஹாட் இசைக்குழுவை நடத்த, 'கடற் பருந்து' என்ற தலைப்பில் தகப்பனின் பட இசைகளைத் தொகுத்து ஓர் இசைத்தட்டை லண்டனில் பதிவுசெய்து ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்டது. 1938இல் தந்தி வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிய அதே சின்ன மகன்தான். யாரும் எதிர்பாராத விற்பனை. அதைப் பார்த்து ஸ்ரைனர், வக்ஸ்மன், ஹேர்மன் என்று பழைய இசையமைப்பாளர் ஒவ்வொருவருக்கும் தட்டுகள் தொடர்ந்து வந்தன. இதில் ஃபிரான்ஸ் வக்ஸ்மனும் 1934இல் பேர்லின் தெருவில் நாசிகளிடம் அடிவாங்கி நாட்டை விட்டு வெளியேறியவர். 1970களில் எல்மர் பேர்ன்ஸ்ரைன் என்ற இசையமைப்பாளர், சந்தா கட்டுகிற ரசிகர்களுக்கென்றே பழைய பட இசைகளைப் புதிதாகப் பதிவுசெய்து தபாலில் அனுப்பினார்.

பட இசையைத் தேடி வந்தவர்கள் அதற்குப் பின்னால் ஒரு பெரிய உலகம் இருப்பதைக் கண்டார்கள். 1975இல் நியூயோர்க் சிற்றி ஒபரா 'இறந்த நகர'த்தை மேடையேற்றியது. 1997இல் பிறெண்டன் கரல் அவருடைய முழு வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2004இல் சால்ஸ்பேர்க் விழாவில் 'இறந்த நகரம்' மறுபடி வந்தது. 2018இல் பேர்லினில் டொய்ச்ச ஒபர் 'ஹெலியானேயின் அற்புதம்' என்ற அவருடைய இன்னொரு ஒபராவை மேடையேற்றியது. அந்த வயலின் உருப்படியை இன்றைக்கு வாசிக்காத பெரிய வயலின் கலைஞர் அரிது. தங்கத்தைவிடச் சோளம் கூட என்ற பகிடியை இன்றைக்குப் பகிடியாக மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' வந்தபோது, பெரிய வாத்தியக் குழுவும் வீரமான மெட்டுமாகத் தியேட்டர் அதிர்ந்தது. பழைய ரசிகர்களுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. 1942இன் 'கிங்ஸ் றோ'வையும் 1977இன் 'ஸ்டார் வோர்'ஸையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, இது களவா, மரியாதையா, மரபா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மரபு என்பேன். ஸ்ரைனருக்குச் சொன்ன பதிலை அறிந்த கோர்ன்கோல்ட் இருந்திருந்தால், சிரித்துக்கொண்டு விட்டிருப்பார்.

ஐந்து மார்க் பெட்டி

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1990களின் தொடக்கத்தில், நானும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஐந்து மார்க் கொடுத்து ஒரு பெட்டி இசைத்தட்டு வாங்கினேன். ஊர்ப் பாட்டுக் கசெற்றுகள் தேய்ந்துபோன நேரம், கேட்க ஏதாவது வேண்டியிருந்தது. அந்தப் பெட்டிக்குள் இந்த 1972ஆம் ஆண்டுத் தட்டு இருந்தது. யார், எவர் என்று தெரியாது. அறையில் நாலு பேர் படுத்திருக்க, சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டேன். வழக்கு முடிவு வராத அந்த வருடங்களில், எழுதியவரும் ஓர் அகதிதான் என்று அட்டையின் பின்பக்கத்தை அகராதி வைத்து வாசித்து அறிந்த அன்று எனக்கு வந்த தெம்பை எப்படிச் சொல்ல!

ஆகவே, வெங்காயம் வெட்டிய என் மதிப்புக்குரிய அண்ணைக்கு ஒரு தாழ்மையான விண்ணப்பம். கீர்த்தனை பெரிது, சந்தேகமில்லை. பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் மாலர் கையெடுத்த மேதையே கூலிக்கு எழுதினார். அந்தக் கூலியில் குடும்பம் உயிர் பிழைத்தது. கூலிக்கு எழுதியதை அவர் மனம் வைத்து எழுதியபடியால்தான் எண்பது வருடத்துக்குப் பிறகும் கேட்க ஆள் இருக்கிறது. எங்களில் யார் கூலிக்கு வேலை செய்யாதவர்?

பெரிய சபைகள் கைவிட்ட அந்த மனிதரைத் திருப்பிக் கொண்டுவந்தது ரசிகர்களின் ஓயாத கதைதான். ஒரு தட்டைப் போட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் இந்த இடத்தைக் கேள் என்று சொன்ன சாதாரண சனம். கேட்பவர்கள் கதைப்பதை நிறுத்தும்போதுதான் ஓர் இசை சாகிறது.

பிள்ளைகளே, இந்த வருடமும் குசினிப் பக்கம் வாருங்கள். கைத்தொலைபேசியையும் கொண்டுவாருங்கள். இளையராஜாவையும் ரஹ்மானையும் போட்டு நன்றாகச் சண்டை பிடியுங்கள். ஜோன் வில்லியம்சுக்காக வாதாடிய பிள்ளைக்கு மட்டும் ஒரு சொல்: நீ ரசிக்கிற அந்த இசையின் அத்திவாரத்தில் ஓர் அகதியின் கை இருக்கிறது. வெட்கப்படாமல் சத்தமாகப் போடு அம்மா. நான் 'கடற் பருந்'தோடு வருகிறேன். அடிமைகள் கப்பலைத் திருப்புகிற இடத்தை எல்லோருமாக ஒருதரம் கேட்போம். அண்ணையும் வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.